மாதிரிக் குடிசை

என் ஓரகத்தியின் முகத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் அறக்கட்டளை ஒன்று நன்கொடை கேட்டு நோட்டீஸ் அடிக்கிறதே, அதில் இடது பக்கம் ஒட்டிய கன்னத்தோடு குடிசை வாசலில் குந்தியிருப்பவள் அவள்தான். வலது பக்கம் செங்கல் வீட்டின் முன்னால் நின்று பல் தெரியச் சிரிப்பவளும் அவள்தான். இடது படத்துக்கு மேலே ‘முன்பு’ என்றும் வலது படத்துக்கு மேலே ‘பின்பு’ என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். இரண்டையும் ஒரே நாளில், அரை மணி இடைவெளியில் எடுத்தார்கள். நடுவில் அவள் துணி மாற்றித் தலை வாரிக்கொண்டாள். வறுமை ஒழிய அவ்வளவு நேரம்தான் ஆனது.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கு அக்கா முறை. குடியிருப்பில் அவளை ‘அழுவாச்சி’ என்பார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான்தான். இது அவளுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்தவே பொருந்தாது. பழைய பாட்டில் கழுவும் பட்டறையில் அவளுக்கு வேலை. காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீர்த் தொட்டியில் பாட்டிலை ஊறப்போட்டு, லேபிளைச் சுரண்டி, பிரஷ்ஷை உள்ளே விட்டுக் குடைந்து, பல்புக்கு எதிரே தூக்கிப் பிடித்து அழுக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நுனியில் தோல் நிற்காது. ஒரு தடவை பாட்டில் உடைந்து உள்ளங்கையில் ஏழு தையல் போட்டார்கள். துணைக்குப் போன நான் மயங்கி விழுந்தேன். அவள் நர்ஸிடம், "இது தானாக் கரையுற நூலா, பிரிக்கிற நூலாம்மா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்பேர்ப்பட்டவள், நன்கொடையாளர்கள் வேனில் வந்து இறங்கினால் மட்டும் குழாயைத் திறந்துவிட்டது மாதிரி அழுவாள்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் நாங்கள் எல்லோருமே மரமில்லின் பின்புறம் தகரமும் பிளாஸ்டிக் தாளும் வைத்துக் கட்டிய குடிசைகளில் இருந்தோம். அறக்கட்டளை அந்த நிலத்தை வாங்கி மனை பிரித்தது. செங்கல், சிமென்ட், கொத்தனார் அவர்கள் பொறுப்பு. அஸ்திவாரக் குழி தோண்டுவதும் கல் சுமப்பதும் எங்கள் பொறுப்பு. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் சுமந்தோம். உங்களுக்கென்ன, சும்மா கிடைத்த வீடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். என் இடுப்பைக் கேட்டால் அது சும்மாவா இல்லையா என்று சொல்லும். ஒவ்வொரு வீடு எழும்பியதும் அந்தக் குடும்பத்தின் பழைய குடிசையைப் பிரித்துப் போட்டோம். இப்படிப் பதினேழு வீடுகள் எழுந்தன, பதினாறு குடிசைகள் விழுந்தன. அக்காவின் குடிசையை இடிக்கக் கடப்பாரையோடு போனபோது அறக்கட்டளை மேனேஜர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"இதை மட்டும் விட்டுடுங்க. வர்றவங்களுக்குக் காட்டணும். கண்ணால பார்த்தாத்தான் மனசு இளகும்."

அன்றிலிருந்து அது மாதிரிக் குடிசை ஆயிற்று. பெரிய கம்பெனிகள் மாதிரி வீடு கட்டி வைத்து வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவார்கள் இல்லையா, அந்த வரிசையில் எங்களுக்கு இது.

ஒரு குடிசையை இடியாமலும் நிமிராமலும் ஆறு வருடம் வைத்திருப்பது லேசுப்பட்ட வேலையில்லை. வீட்டைப் பராமரிப்பது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கம்பம் உளுத்துப் போனால் தச்சர் வந்து புதுக் கம்பம் நட்டு, பழைய கம்பத்தின் பட்டையை அதன்மேல் ஆணியடித்து மறைப்பார். கூரைத் தகரத்தின் ஓட்டை ஒரு சாண் அகலத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் கூரையே போய்விடும். சிறியதாகவும் இருக்கக் கூடாது, உருக்கம் குறைந்துவிடும். யாரும் சமைக்காததால் சுவரில் கரி வெளுத்துப் போனது. அதற்காக மாதம் ஒரு முறை அக்கா ஈர விறகைப் போட்டுப் புகை மூட்டுவாள். நெளிந்த பாத்திரம் வேண்டுமென்று மேனேஜர் கேட்டார். எங்களிடம் இருந்ததெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்ததால் புதுப் பாத்திரமே வாங்கிவந்தார்கள். அக்காவின் கணவர், நாங்கள் பெரியவர் என்று சொல்வோம், ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதைச் சுத்தியலால் நெளித்தார்.

அந்த வாசலில் உட்காரும் வேலைக்கு நானும் ஆசைப்பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? மேனேஜர் என்னை ஒருமுறை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க வேண்டாம்மா, சாப்பிட்டுட்டு வந்த மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டார். நானும் பட்டினி கிடந்தவள்தான். வறுமை என் கன்னத்தில் ஒட்டவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்? சரி, வேலைதான் அவளுக்குப் போயிற்று, தொலையட்டும். என் கதையையும் அல்லவா எடுத்துக்கொண்டாள்! மழை கொட்டிய நாளில் மூன்று வயது மகளின் தலைக்கு மேல் அலுமினியக் குண்டானைக் கவிழ்த்துப் பிடித்தபடி பொழுது முழுக்க நின்றது நான். என் கை, என் குண்டான், என் மகள். அவள் என்னவோ தானே நின்ற மாதிரி கையை மேலே தூக்கிக் காட்டி, "இப்படியே நின்னேங்க, இறக்கவே இல்லங்க" என்பாள். வேனில் வந்தவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். நான் பின்னால் நின்று வயிறெரிவேன்.

அவளுக்கு அதில் பெருமையும் இருந்தது. "நான் அழுதாத்தான்டி இங்க சிமென்ட் வரும்" என்பாள். பொய்யில்லை. கடைசி ஒன்பது வீடுகள் அவள் கண்ணீரில் குழைத்துக் கட்டியவைதான்.

ஆனால் ‘முன்பு’ முடிந்ததும் ‘பின்பு’ இருக்கிறதே. குடிசையைப் பார்த்த கூட்டம் அப்படியே அவளுடைய புது வீட்டுக்குள் நுழையும். சமையலறைக் குழாயைத் திறந்து பார்க்கும், மூடும், இன்னொருவர் திறந்து பார்ப்பார். கழிவறைக் கதவைத் திறந்து, ஆகா என்று சொல்லி, தண்ணீர் ஊற்றிப் பார்க்கும். கட்டிலின் உயரத்தை ஒருவர் கையால் அளந்தார். பெரியவர் அன்றைக்கு மரமில்லுக்கு லீவு போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது மேனேஜர் ஏற்பாடு. ஆறு வருடமாக அவர் பெரிய மகனின் அறிவியல் புத்தகத்தில் அதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். பையன் பள்ளியையே முடித்துவிட்டான்.

இந்த நாடகம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கோணிக்காரி வந்து சேர்ந்தாள்.

தானியக் கிடங்கில் கிழிந்த கோணிகளைத் தைப்பவள் அவள். கணவருக்கு அதே கிடங்கில் மூட்டை சரிந்து கால் போயிற்று. உயிர் இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மூன்று பிள்ளைகள், மாமியார், ஆக மொத்தம் ஆறு பேர். அவர்கள் இருந்த ஷெட்டில் உரிமையாளர் லாரி நிறுத்தப்போவதாகச் சொல்லி மூட்டை முடிச்சைத் தெருவில் வைத்துவிட்டார். அவள் எங்கள் அறக்கட்டளைக்கு மனு கொடுத்து நாலு வருடம் ஆகிறது. அலுவலகத்துக்கு அலைந்த அலைச்சலில் காலியாக ஒரு குடிசை நிற்பதைப் பார்த்து வைத்திருக்கிறாள். நேராக வந்து குடியேறிவிட்டாள்.

அக்கா புகையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். தான் மூட்டாத புகை எப்படி வருகிறது என்று துடைப்பத்தோடு கிளம்பினாள். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன். உள்ளே நுழைந்து பார்த்தோம். கூரை ஓட்டையைக் கோணிக்காரி அடியில் கோணி விரித்துக் கம்பியோடு சேர்த்து இழுத்துத் தைத்திருந்தாள். சுவரில் தாள் ஆடிய இடமெல்லாம் கோணி. தரையை நிரவி மெழுகியிருந்தாள். ஒரு மூலையில் மாமியார் படுக்க மறைப்புக்கூட இருந்தது. மாதிரிக் குடிசை பார்க்க லட்சணமாக, ஒரு வீடு மாதிரி இருந்தது.

"அடிப்பாவி! ஆறு வருஷமாப் பாடுபட்டுக் கெடுத்து வச்சிருந்தேன். ரெண்டே நாள்ல சரி பண்ணித் தொலைச்சிட்டியே!"

கோணிக்காரி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "காலியாத்தானேக்கா கெடந்துச்சு?"

"காலியா இல்லடி. காட்சிக்கு இருக்கு."

"என்ன காட்சிக்கு?"

"ஏழைங்க எப்படி இருப்பாங்கன்னு காட்ட."

கோணிக்காரி குடிசையைச் சுற்றிப் பார்த்தாள், தன் கணவரைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு, "அப்ப நாங்க இருக்கலாமே" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, மெய்யாகவே கேட்டாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

மேனேஜருக்குச் சேதி போனது. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருபது வருடமாக ஊர் ஊராகப் பிச்சை எடுத்து அடுத்தவர்களுக்கு வீடு கட்டுகிறவர், தான் மட்டும் மாடிப்படிக்குக் கீழே ஒரு வாடகை அறையில் இருந்தார். வந்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை பெரிய கூட்டம் வருகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த குடியிருப்புக்கு நாற்பது வீடுகள், எல்லாம் அந்த ஒரு வருகையை நம்பியிருக்கிறது.

கோணிக்காரி கை கூப்பினாள். "எங்களுக்கும் ஒரு வீடு குடுங்க சார். நாங்களும் குழி தோண்டுறோம், கல்லு சுமக்குறோம்."

"மனை இல்லம்மா. பதினேழும் கட்டி முடிச்சாச்சு. ஒரே ஒரு மனை இருந்தாப் போதும், சத்தியமாச் சொல்றேன், நாளைக்கே அஸ்திவாரம் போட்டுடுவேன்."

இதை அவர் குடிசை வாசலில், கம்பத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். அக்கா அவர் கையைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், கம்பம் நட்டிருந்த மண்ணைப் பார்த்தாள். பாட்டிலைப் பல்புக்கு எதிரே தூக்கிப் பிடிக்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"சார், உங்க ஆபீஸ்ல மாட்டியிருக்கிற வரைபடத்துல பதினெட்டுக் கட்டம் இல்ல இருக்கு?"

மேனேஜர் கையைக் கம்பத்திலிருந்து எடுத்தார். "அது காட்சிக்கான இடம்மா. அதுல வீட்டைக் கட்டிட்டா, வர்றவங்களுக்கு எதைக் காட்டுறது? நாற்பது வீடும்மா. நாற்பது குடும்பம். எல்லாம் நீங்க வியாழக்கிழமை அழுறதுலதான் இருக்கு."

வியாழக்கிழமை வரைக்கும் அந்த ஆறு பேரை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. அக்கா வீட்டில் வைக்க முடியாது, அது ‘பின்பு’. குழாயைத் திறந்து பார்க்க வருவார்கள். ஆகவே என் தலையில் கட்டினார்கள். எங்கள் நாலு பேரோடு ஆறு பேர், எள் விழ இடமில்லை. நான் கத்தினேன். கத்திக்கொண்டே பாயை விரித்தேன். தச்சர் வந்து கோணித் தையலையெல்லாம் கத்தியால் அறுத்து, ஓட்டையைப் பழையபடி ஒரு சாணுக்குக் கொண்டுவந்தார். கோணிக்காரி என் ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள். ஒவ்வொரு தையல் அறும்போதும் அவள் விரல் தானாக மடங்கியது.

வியாழக்கிழமை காலையில் அக்காவுக்குத் தலையைக் கலைத்துவிடப் போனேன். அது என் வேலை, ஆறு வருடமாக. மனத்துக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது, கேட்டுவிட்டேன்.

"ஏன்க்கா, இன்னிக்கும் என் குண்டான் கதைதானா? இந்தக் குடிசையில உனக்கு நடந்ததே இல்லையா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளுடைய இரண்டாவது குழந்தை அந்தக் குடிசையில்தான் காய்ச்சலில் போனது. பத்து மாதம். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பேசுவதில்லை. நான் பாவி, வயிற்றெரிச்சலில் அதை மறந்தே போயிருந்தேன்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "அதைச் சொன்னா அழுகை வந்துடும்டி."

அவளுக்குத் தலை கலைத்துக்கொண்டிருந்த நான் அழுதேன். அவள் அழவில்லை. "நேரமாச்சு, கலைச்சு விடு" என்றாள்.

வேன் வந்தது. பதினோரு பேர் இறங்கினார்கள். அவர்களில் பெரிய தொப்பி வைத்த ஒரு அம்மாள்தான் தலைவி என்பது மேனேஜர் குனிந்த குனிவிலேயே தெரிந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்தாள். கதை சொன்னாள், கையைத் தூக்கிக் காட்டினாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. எல்லாம் வழக்கம்போல நடந்தது. கடைசியில் ஒரு கேள்வி வரும், எப்போதும் வரும். தொப்பி அம்மாள் குனிந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப உங்களுக்கு வேற என்ன வேணும்மா?"

இதற்கு மேனேஜர் சொல்லிக் கொடுத்த பதில் உண்டு. எனக்கு எதுவும் வேண்டாம்மா, என்னை மாதிரி எல்லாருக்கும் வீடு கிடைச்சாப் போதும். அதைக் கேட்டால் கல்லும் கரையும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை டக்கென்று நின்றது.

"இந்தக் குடிசையை இடிக்கணும்மா."

மேனேஜர் இருமினார்.

"இது பதினெட்டாவது மனை. முந்தாநாள் வரைக்கும் இதுல ஒரு குடும்பம் இருந்துச்சு. ஓட்டையெல்லாம் தைச்சு நல்லாத்தான் வச்சிருந்தாங்க. நீங்க வர்றீங்கன்னு அவங்களை வெளிய அனுப்பிட்டு, தையலை அறுத்து வச்சிருக்கோம். அவங்களுக்குக் கட்ட இடம் இல்லையாம். இடம் இதுதாம்மா. நான் உட்கார்ந்திருக்கேன் பாருங்க, இதேதான்."

கூட்டத்தில் ஒரு மனிதர், கோபமாக இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். "இதை இடிச்சிட்டா நாங்க வந்து எதைப் பார்க்கிறது?"

"எங்களைப் பாருங்க. வீட்டுல இருக்கோம். அது பார்க்க நல்லா இல்லையாங்க?"

ஆறு வருடமாக அவள் மேல் பொறாமைப்பட்ட என் புத்தியை எதைக் கொண்டு அடிக்கலாம் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. அந்த வாசலில் உட்காருவதற்கு அவள் என்ன கொடுத்திருக்கிறாள் என்றும், அதை விட்டு எழுந்திருக்க இப்போது என்ன கொடுக்கிறாள் என்றும் எனக்கு மட்டுமாவது தெரிந்திருக்க வேண்டாமா?

தொப்பி அம்மாள் அந்தக் குடும்பம் எங்கே என்று கேட்டாள். நான் போய் என் வீட்டுக் கதவைத் திறந்தேன். சத்தம் போடக் கூடாது என்று நான் கொடுத்திருந்த பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளும் மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கோணிக்காரி எழுந்து நின்றாள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று தொப்பி அம்மாள் அவளையும் கேட்டாள்.

"அந்தத் தையலை யாரு திரும்பத் தைக்கிறது?" என்றாள் கோணிக்காரி. "ரெண்டு நாள் வேலைங்க அது."

வேன் சீக்கிரமே கிளம்பிவிட்டது. ‘பின்பு’ பார்க்க யாரும் வரவில்லை. பெரியவர் புத்தகத்தோடு நாற்காலியில் காத்திருந்து அப்படியே தூங்கிப்போனார். மேனேஜர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் பேச ஐந்து மாதம் ஆயிற்று.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். பதினோரு பேரில் சிலர், தங்களை ஏமாற்றிவிட்டதாகச் சொல்லி விலகிக்கொண்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது வீடுகள் இருபத்தாறு ஆயின. மீதிப் பதினாலு குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. பாட்டில் பட்டறையில் அக்காவோடு வேலை செய்கிற ஒருத்தி அந்தப் பதினாலில் ஒருத்தி. அவள் இவளோடு ஒரே தொட்டியில் கையை விட மாட்டேன் என்று இடம் மாறிப் போய்விட்டாள். அக்கா அவளைக் குற்றம் சொல்லவில்லை. "அவ சொல்றதும் நியாயம்தான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றைத் தாண்டிப் போய், அந்த இருபத்தாறு வீடுகளுக்குக் கல் சுமந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நானும் போனேன், என் இடுப்பைத் திட்டிக்கொண்டே.

தொப்பி அம்மாள் விலகவில்லை. பதினெட்டாவது மனைக்குத் தானே பொறுப்பு என்று எழுதி அனுப்பினாள். குடிசையை இடித்தோம். ஆறு வருடம் பாதுகாத்ததை இடிக்க அரை மணிகூட ஆகவில்லை. கோணிக்காரி குழி தோண்டினாள். கால் போன கணவர் உட்கார்ந்த இடத்திலேயே செங்கல்லை நனைத்து நனைத்துக் கொடுத்தார். ஐந்து மாதத்தில் வீடு எழுந்தது.

சாவி கொடுக்கும் நாள் வந்தது. போட்டோக்காரர் வந்தார், தொப்பி அம்மாள் வந்தாள், மேனேஜர் புதுச் சட்டையில் வந்தார். ‘முன்பு’ இல்லாமல் போனாலும் ‘பின்பு’ ஒன்றாவது நன்றாக எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. சாவியைக் கொடுக்கும்போது எப்படி நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்க வேண்டும், பிறகு எல்லோரும் உள்ளே போய்க் குழாயை எப்படித் திறக்க வேண்டும் என்றெல்லாம் கோணிக்காரிக்குச் சொல்லிக் கொடுத்தார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

சாவியை வாங்கினாள். பிள்ளைகளை உள்ளே அனுப்பினாள். மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். திரும்பி வந்து கணவரைத் தூக்கி உள்ளே சேர்த்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரு தடவை கும்பிட்டாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். மேனேஜர் போய்க் கதவைத் தட்டினார். "அம்மா, போட்டோம்மா! உள்ள வந்து பார்க்கணும்மா!"

உள்ளேயிருந்து கோணிக்காரியின் குரல் வந்தது. "சாப்பிட உட்கார்ந்துட்டோம் சார். அப்புறமா வாங்க."

மேனேஜர் மறுபடி தட்டக் கையை ஓங்கினார். அக்கா முன்னால் போய் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"எதுக்கு சார் தட்டுறீங்க? அது அவ வீடு. கூப்பிட்டா உள்ள போங்க."

ஆறு வருடமாக அவளுடைய கழிவறையில் யார் யாரோ தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோதெல்லாம் அவள் எப்படி நின்றாள் என்பது எனக்கு அப்போதுதான் கண்முன் வந்தது. மேனேஜருக்கும் வந்திருக்க வேண்டும், அவர் வாசலை விட்டு நகர்ந்தார். முதலில் படியிறங்கிப் போனது தொப்பி அம்மாள்தான். நாங்களும் அவரவர் வீட்டுக்குப் போனோம்.